இடது கையைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

மேற்கத்திய இசை பற்றி ஒரு பதிலில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் பெயரைச் சொன்னாலும் சொன்னேன், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் அதற்குத்தான். 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் என்பார்கள், அதையடுத்த முப்பது நாற்பது வருஷம் கிளாசிக்கல் காலத்தின் தொடக்கம். வந்த கேள்விகள் எல்லாமே இந்த எல்லைக்குள் இருப்பவை.

என் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். அதில் 'மினுயட் இன் ஜி' என்று ஒரு உருப்படி. பாக் எழுதியது என்கிறார் டீச்சர், புத்தகத்திலோ பெட்சோல்ட் என்று இருக்கிறது. எது சரி? மினுயட் என்றால் என்ன?
— ஒரு தாய், ஓசூர்

புத்தகம்தான் சரி. கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பவர் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர், பாக்கின் காலத்தவர். பாக் தன் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725ல் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். வீட்டில் வாசித்துப் பழகச் சின்னச் சின்ன உருப்படிகளை அதில் எழுதி வைத்தார்கள், பலவற்றுக்கு இயற்றியவர் பெயரே போடவில்லை. பாக் வீட்டு நோட்டில் இருக்கிறதே, அப்போ அவருடையதாகத்தான் இருக்கும் என்று உலகமே நம்பிவிட்டது, பெட்சோல்ட் பெயர் 1970களில்தான் வெளிவந்தது. உங்கள் டீச்சர் பழைய பதிப்பில் படித்திருப்பார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மினுயட் பிரெஞ்சு அரசவையில் ஆடிய நடனம், மூன்று மூன்றாக எண்ண வேண்டிய தாளம். இந்த உருப்படியில் 32 பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று), பதினாறு பதினாறாக இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசிக்கணும். பரோக் நடன இசை அநேகமாக எல்லாமே இந்த இரண்டு பாதி அமைப்பில்தான் இருக்கும். அலமாண்ட், கூரான்ட், சாரபாண்ட், ஜீக் என்று நான்கு நடனங்களை ஒரே கீயில், அதாவது ஒரே ஆதார சுரத்தை வைத்து, கோத்தால் அதுதான் சூட். நடுவில் மினுயட் போல வேறு ஒன்றிரண்டைச் சேர்ப்பதும் வழக்கம். பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு சூட்களும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிரெலூட் (முன்னிசை) மட்டும் கூடுதல்.

மகளிடம் இருபதாவது பாரைக் காட்டுங்கள். அதுவரை வலது கையில் வந்த சி எல்லாமே சாதா சி, அந்த இடத்தில்தான் முதல் தடவையாக சி ஷார்ப் (அரைச் சுரம் ஏறிய சி) வருகிறது. அது வந்ததுமே பாட்டு ஜியை விட்டு டி பக்கம் சாய ஆரம்பித்து, 24வது பாரில் டியில் போய் உட்காருகிறது. மிச்சமுள்ள எட்டு பாரில் ஜிக்குத் திரும்பி வரணும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: முதலிலும் சங்கராபரணம், நடுவிலும் சங்கராபரணம், ஸட்ஜமம் மட்டும் பஞ்சமத்துக்கு இடம் மாறித் திரும்புகிறது. இந்தப் போக்குவரத்தை விரல் மட்டுமில்லாமல் காதும் உணரணும் என்றால் இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லி, அதை வாயால் பாடவும் சொல்லுங்கள். கீபோர்டில் இருக்கிற ரிதம் பட்டனை அப்போது அணைத்துவிடுங்கள், அது அடிக்கிற டிரம் சத்தத்தில் இடது கை செத்துப் போகும்.

இத்தாலியின் விவால்டி, கொரெல்லி யாரைக் கேட்டாலும் பின்னணியில் கம்பியைச் சுண்டுவது போல ஒரு சலசலப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது என்ன வாத்தியம்? ஏன் நிற்பதே இல்லை?
— கல்லூரி மாணவர், தர்மபுரி

ஹார்ப்சிகார்டு. பார்க்க பியானோ மாதிரி இருந்தாலும் உள்ளே சுத்தியல் கிடையாது, கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன முள் எழும்பிக் கம்பியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். விரலின் பலத்துக்குத் தக்கபடி ஒலிக்கிற சுத்தியல் பியானோவை ஃப்ளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் செய்துவிட்டார், ஆனால் அது ஊரெல்லாம் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின.

தம்பி, நீங்கள் சலசலப்பு என்று சொல்வதுதான் பரோக் இசையின் உயிர். இசையமைப்பாளர் மேலே மெட்டும் கீழே பாஸும் (கீழ்க்குரல்) எழுதுவார், நடுவில் நிரப்ப வேண்டிய கார்டுகளை, அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கிற சுரக்கூட்டங்களை, முழுசாக எழுத மாட்டார். பாஸ் சுரத்தின் மேலோ கீழோ ஒரு எண்ணை மட்டும் போட்டுவிடுவார். பாஸில் சி இருக்கிறது, எண் எதுவும் இல்லை என்றால் சி, ஈ, ஜி. அதே சியோடு 6 என்று இருந்தால் சி, ஈ, ஏ. மிச்சமெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. எந்தக் கார்டை விரித்து வாசிப்பது, எதைச் சேர்த்து அடிப்பது, எங்கே ஒரு சின்ன ஓட்டம் கொடுப்பது என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவர் மனசில் தோன்றுவதுதான். கூடவே ஒரு செல்லோ அந்தப் பாஸ் வரியையே வாசிக்கும். இந்த ஜோடிக்குப் பெயர் பாஸோ கன்டினுவோ. தேவாலயம் என்றால் ஹார்ப்சிகார்டுக்குப் பதிலாக ஆர்கன் இருக்கும்.

மேற்கத்திய இசையில் எல்லாம் எழுதி வைத்து அப்படியே வாசிப்பதுதான், மனோதர்மமே கிடையாது என்று நம் ஊரில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பரோக் கால மேடையில் ஹார்ப்சிகார்டு முன்னால் உட்கார்ந்தவருக்கு மனோதர்மம் இல்லாமல் ஒரு பாரைக்கூடக் கடக்க முடியாது. அடுத்த தடவை கேட்கும்போது மேலே பாடுகிற வயலினை விட்டுவிட்டுக் கீழே நடக்கிற செல்லோவை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மெட்டு எங்கே திரும்பப் போகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

'நான்கு பருவங்கள்' பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கதையைத் தவிர்த்து, கன்செர்டோ என்கிற வடிவத்தை மட்டும் புரியும்படி சொல்ல முடியுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், பென்னாகரம்

சொல்கிறேன் சார். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் ஒரு அடி பாடி நிறுத்தியதும் பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள் இல்லையா, கன்செர்டோவும் அப்படித்தான் தனியாளும் கூட்டமுமாக மாறி மாறிப் போகும். ஒரு வித்தியாசம், இங்கே கூட்டம் தனியாள் வாசித்ததைத் திருப்பி வாசிப்பதில்லை, அதற்கென்று சொந்தமாக ஒரு பல்லவி உண்டு. ரிட்டோர்னெல்லோ என்று பெயர். தனி வயலின் ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் அந்தப் பல்லவி வேறு ஒரு கீயில் வந்து நிற்கும், கடைசியில் சொந்தக் கீக்கு வரும்.

விவால்டியின் 'நான்கு பருவங்கள்' தொகுப்பில் 'வசந்தம்' முதல் பகுதியில் இதைக் கையில் பிடித்தே பார்க்கலாம். பல்லவி ஈ மேஜரில் (ஈயை ஸட்ஜமமாக வைத்த சங்கராபரணம் போல) எல்லோருமாக. அப்புறம் பறவைகள், தனி வயலினோடு இன்னும் இரண்டு வயலின்கள் மட்டும். பல்லவியில் ஒரு துண்டு. அடுத்து ஓடையின் சலசலப்பு, அது முடிந்ததும் பல்லவி பி மேஜரில். பிறகு இடி மின்னல், அதற்குப்பின் அதே பல்லவி சி ஷார்ப் மைனரில் வரும்போது முகம் வாடினாற்போல இருக்கும், மெட்டு என்னவோ அதேதான். பறவைகள் திரும்ப வந்து, ஈ மேஜர் பல்லவியோடு முடியும். முழுசும் மூன்றரை நிமிஷம் சொச்சம்தான். இந்தத் தொகுப்பு 1725ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

விவால்டி எழுதியவை ஐந்நூறு கன்செர்டோ அளவில் இருக்கும், அதில் பெரும் பகுதி வெனிஸில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்த பியெட்டா இல்லத்தின் மாணவிகளுக்காக. பாக் வைமாரில் வேலை பார்த்தபோது இவருடைய கன்செர்டோக்கள் பலவற்றைக் கீபோர்டுக்கு மாற்றி எழுதியே இந்த வடிவத்தைக் கற்றுக்கொண்டார். ஒருவருக்குப் பதில் ஒரு சின்னக் குழு தனியாக நின்று வாசித்தால் கன்செர்டோ க்ரோஸ்ஸோ. கொரெல்லியின் பன்னிரண்டு இருக்கின்றன, அவர் இறந்த மறு வருஷம், 1714ல் வெளிவந்தவை. விவால்டியின் வேகம் இல்லாமல் நிதானமாக நடக்கிற இசை அது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

ஃபியூக் என்று சொல்லப்படுவதைப் பல தடவை கேட்டுவிட்டேன். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இரைச்சலாக இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும்?
— மாங்கூழ் ஆலை ஊழியர், கிருஷ்ணகிரி

ஒரே ஒரு ஃபியூக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே ஒரு வாரம் கேளுங்கள். பாக்கின் 'வெல் டெம்பர்டு கிளேவியர்' முதல் தொகுப்பு, 1722ல் முடித்தது. பன்னிரண்டு சுரத்துக்கும் மேஜர் ஒன்று, மைனர் ஒன்று என்று 24 கீ, ஒவ்வொன்றிலும் ஒரு பிரெலூடும் ஒரு ஃபியூக்கும். அதில் சி மைனர் ஃபியூக். 31 பார்தான், இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் நடுக்குரல் ஒன்று மட்டும் தனியாக வரும். இரண்டு பார் நீளம், துள்ளலான வரி. இதைச் சப்ஜெக்ட் என்பார்கள். இந்த இரண்டு பாரை மனப்பாடம் பண்ணி வாய்விட்டுப் பாட வரணும், அது வராமல் மேலே போகாதீர்கள். மூன்றாவது பாரில் மேல்குரல் அதே வரியைப் பஞ்சமத்தில் எடுக்கும். அப்போது நடுக்குரல் வாயை மூடிக்கொள்ளாது, அதற்கு எதிராக வேறொரு வரியைப் பாடும். ஐந்து, ஆறாவது பார்களில் கொஞ்சம் உலாத்தல். ஏழாவது பாரில் கீழே பாஸ் வருகிறது பாருங்கள், அதே இரண்டு பார் வரி, இந்தத் தடவை தரையிலிருந்து. உங்களுக்கு இரைச்சலாகக் கேட்பது அநேகமாக இந்த இடத்திலிருந்துதான். மூன்று பேரும் ஒரே சமயம் பேசுகிறார்கள், ஆனால் மூவருக்கும் பேச்சு ஒன்றுதான்.

இதற்குப்பின் சப்ஜெக்ட் எப்போது யாரிடம் வரும் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஃபியூக் என்பதைக் கட்டம் போட்ட வடிவம் என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது, ஒரு வரியை வைத்து என்னென்ன செய்யலாம் என்று யோசிக்கிற முறை அது. சப்ஜெக்டைத் தலைகீழாக்கலாம், இழுத்து நீட்டலாம், ஒரு குரல் முடிக்கும் முன்பே அடுத்த குரல் குறுக்கே நுழையலாம். இதையெல்லாம் ஒரே கருப்பொருளில் செய்து காட்டத்தான் பாக் கடைசிக் காலத்தில் 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்' எழுதினார். 1750ல் அவர் இறந்தபோது அதில் ஒரு ஃபியூக் பாதியில் நின்றுவிட்டது, இன்றும் மேடையில் பல கலைஞர்கள் அந்த இடம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள்.

ஆக, முதல் நாள் நடுக்குரல், மறுநாள் மேல்குரல், மூன்றாம் நாள் பாஸ் மட்டும். மூன்றையும் சேர்த்துக் கேட்கிற காது தானாக வந்துவிடும். அதுவும் கஷ்டமாக இருந்தால் ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதிய 'டைடோ அண்ட் ஏனியஸ்' ஆபராவில் டைடோவின் கடைசிப் புலம்பலைக் கேளுங்கள். அரை அரைச் சுரமாகக் கீழே இறங்குகிற ஐந்து பார் பாஸ் ஒன்று முதலில் தனியாக வரும், அப்புறம் பாட்டு முடியும் வரை அதுவே திரும்பத் திரும்ப வரும், மேலே அந்தப் பெண் சாகப்போகும் துக்கத்தைப் பாடுவாள். அவள் மூச்சு விடுகிற இடம் வேறு, பாஸ் முடிகிற இடம் வேறு. ஒரு பாஸ் வரியால் மனசை இவ்வளவு பிசைய முடியுமா என்று தோன்றும். இதைக் கேட்டு ரசிக்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

தியாகராஜர், தீட்சிதர் காலத்தில் இந்த இசை தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டதா?
— பாட்டு ஆசிரியை, அரூர்

வந்துவிட்டது, பாதியாக. மும்மூர்த்திகளின் காலம் ஹைடன், மொட்சார்ட், பீத்தோவன் காலம்தான், பாக் அவர்களுக்கு முந்தைய தலைமுறை. முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டார்கள். அவர் தம்பி பாலுசுவாமி வயலின் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டு. மாணவர்களுக்கு இன்றும் சொல்லித் தருகிறீர்களே, பாடும்போது கவனியுங்கள், மேல் மெட்டு மட்டும்தான் கோட்டையைத் தாண்டி வந்திருக்கிறது. கீழ்க்குரலும் கார்டும் வரவில்லை. அது பெரிய அளவில் தமிழ்க் காதுக்கு வந்து சேர்ந்தது சினிமா வழியாகத்தான். 1986ல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்ததை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்கணும்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போது பாக் கேட்பேன். அப்புறம் ஹைடன் கேட்டால் ரொம்ப எளிமையாக, ஏதோ இறங்கிப் போனது போல இருக்கிறது. இது வளர்ச்சியா, தேய்வா?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர் சிப்காட்

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, முடிவுதான் அவசர முடிவு. பாக் உயிரோடு இருக்கும்போதே அடுத்த தலைமுறைக்கு ஃபியூக் அலுத்துவிட்டது. நாலு பார், ஒரு சின்ன நிறுத்தம், பதில் சொல்வது போல இன்னொரு நாலு பார், கேட்டதும் பாட வருகிற மெட்டு, கீழே அதிகம் குறுக்கிடாத பாஸ், இதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கேலன்ட் பாணி என்று பெயர். பாக்கின் பிள்ளைகளே அதில் முன்னால் நின்றார்கள். பெர்லினில் இருந்த மகன் சி.பி.இ. பாக்கின் இசையில் மனசு நொடிக்கு நொடி மாறும், நடுவில் திடீரென்று மௌனம் வரும். லண்டனுக்குப் போன கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியன் பாக்கை 1764ல் எட்டு வயசு மொட்சார்ட் சந்தித்தான், அந்தச் செல்வாக்கு அவனை விட்டுப் போகவே இல்லை. இன்னொரு பக்கம் மன்ஹைம் அரசவையில் ஸ்டாமிட்ஸ் வளர்த்த ஆர்கெஸ்ட்ரா, மெல்லிய சத்தத்திலிருந்து படிப்படியாகப் பெருகி முழங்குவதற்கே பேர் போனது. ஹார்ப்சிகார்டு தனியாகச் செய்ய முடியாத காரியம் அது.

இந்த மாற்றத்தில் கன்டினுவோ மெல்ல மெல்ல வேலையிழந்தது. இடது கை சி–ஜி–ஈ–ஜி என்று கார்டைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருக்க, வலது கை பாடும். ஆல்பெர்டி பாஸ் என்பது இதுதான், மொட்சார்ட்டின் சி மேஜர் சொனாட்டா கே 545 அப்படித்தான் தொடங்குகிறது. நீங்கள் எளிமை என்று சொல்வது இங்கேதான்.

சரி, பாஸ் விட்ட வேலையை யார் எடுத்துக்கொண்டது? கீக்களுக்கு நடுவே நடக்கிற பயணம். முதல் பதிலில் மினுயட் ஜியிலிருந்து டிக்குப் போய்த் திரும்பியதைச் சொன்னேன் அல்லவா, அந்த 32 பார் விஷயத்தைப் பத்து நிமிஷத்துக்குப் பெரிதாக்கினால் சொனாட்டா வடிவம். முதலில் சொந்தக் கீயில் ஒரு பகுதி, பஞ்சமக் கீக்குப் போய் அங்கே இன்னொரு பகுதி. நடுவில் எல்லாவற்றையும் உடைத்துத் தூரத்துக் கீக்களில் அலையவிடுவார்கள். கடைசியில் முதல் மெட்டு சொந்தக் கீயில் திரும்பி வரும், போன தடவை பஞ்சமத்தில் கேட்டதும் இப்போது சொந்தக் கீயிலேயே வரும். அந்தத் திரும்புதலுக்கு நம்மை ஏங்க வைப்பதில் ஹைடனுக்கு நிகர் ஆளில்லை. வரப்போகிறது என்று காட்டிவிட்டு நிறுத்துவார், வேறெங்கோ போவார். பஸ் இரைச்சலில் இது பிடிபடாது, வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

ஹைடன் 1761ல் எஸ்டர்ஹாஸி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார், எண்ணிட்ட சிம்பொனிகள் மட்டும் 104. சிம்பொனியே இத்தாலிய ஆபராவின் தொடக்க இசையிலிருந்து வந்தது, வேகம், நிதானம், வேகம் என்று மூன்று பகுதி. நாலாவதாக நடுவில் நுழைந்தது நம் மினுயட்தான். 1772ல் எழுதிய 'ஃபேர்வெல்' சிம்பொனியின் முடிவில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள், ஊருக்குப் போக விடுப்புத் தராத பிரபுவுக்கு அப்படித்தான் சேதி சொன்னார்கள்.

தேய்வு என்கிறவர்களுக்கு என் பதில், அதே 1772ல் ஹைடன் எழுதிய ஓபஸ் 20, ஆறு நால்வர் இசை உருப்படிகள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஹார்ப்சிகார்டு கிடையாது. ஆறில் மூன்று ஃபியூக்கில் முடிகின்றன. இரண்டாவது தொடங்குவதே செல்லோவின் மெட்டோடுதான். கன்டினுவோவில் நூற்றைம்பது வருஷம் ஹார்ப்சிகார்டோடு சேர்ந்து கீழே நடந்த வாத்தியம் முதல் வார்த்தை பேசுகிறது. இதை இறக்கம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் பெண்கள் பத்துப் பேர், ஆண்கள் நாலே பேர். கிறிஸ்துமஸுக்கு ஹாண்டலின் 'அல்லேலூயா' பாட ஆசை. முடியுமா?
— பாடகர் குழு உறுப்பினர், எலத்தகிரி

முடியும். 'அல்லேலூயா' இடம்பெறும் 'மெசையா'வை ஹாண்டல் 1741ல் இருபத்துநாலு நாளில் எழுதினார், மறு வருஷம் ஏப்ரலில் டப்ளினில் முதல் அரங்கேற்றம், அப்போது இருந்ததும் சின்னக் குழுதான். இருநூறு பேர் நின்று பாடுவதெல்லாம் பின்னால் வந்த பழக்கம். 'அல்லேலூயா' வருவது இரண்டாம் பாகத்தின் முடிவில், பாடுகள், உயிர்ப்பு எல்லாம் கடந்த இடத்தில். கிறிஸ்துமஸுக்கு உரியது முதல் பாகத்தில் 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்ற ஏசாயா வசனத்துக்கு எழுதிய கோரஸ், ஆனால் அதில் ஒரே அசையில் நீள நீளமாக ஓடுகிற சுரக்கோவைகள் இருக்கின்றன, பழகாத குழுவுக்கு மூச்சு வாங்கும். அதனால் உங்கள் தேர்வே சரி.

நாலு ஆண்களையும் இரண்டு டெனர், இரண்டு பாஸ் என்று பிரியுங்கள். 'அவர் என்றென்றும் அரசாள்வார்' என்ற வரி வரும்போது அதுவரை எல்லோரும் ஒன்றாக முழங்கிய பாட்டு ஃபியூக் போல உடையும். முதலில் பாஸ் தனியாக எடுக்கணும், பிறகு டெனர், ஆல்டோ, கடைசியில் சொப்ரானோ. அந்த முதல் நுழைவு தடுமாறினால் பின்னால் வருகிற மூன்றும் தடுமாறும். எனவே கீபோர்டு வாசிப்பவர் ஆர்கன் ஒலியை வைத்துக்கொண்டு, ரிதத்தை அணைத்துவிட்டு, அந்த இடத்தில் இடது கையால் பாஸ் வரியை ஆக்டேவில் சேர்த்து வாசிக்கட்டும், இரண்டு குரலுக்கும் அது துணை. பெண்களுக்கு மெட்டு சீக்கிரம் வந்துவிடும். முதல் இரண்டு மூன்று ஒத்திகைக்கு அந்த இரண்டு பாஸ் பாடகர்களையும் கீபோர்டுக்காரரையும் மட்டும் கூப்பிடுங்கள்.